வெறும் வயிற்றில் நடந்தால்தான் கொழுப்பு கரையுமா?

திருவையாறு நடையன்:
புஷ்ய மண்டபப் படித்துறைப் பக்கம் காலையில் நடக்க வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் நாலு இட்லியை உள்ளே தள்ளிவிட்டுத்தான் வருகிறார்கள். சாப்பிட்டதும் இன்சுலின் ஏறும், தசை சர்க்கரையைத்தான் எரிக்கும், கொழுப்பைத் தொடாது. அத்தனை நடையும் வீண்.

வடவாறு:
பாதிதான் சரி. சாப்பிட்ட பிறகு தசை செல்லுக்குள் மலோனைல் கோஏ என்றொரு பொருள் சேரும், செல்லின் எரிஅடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொழுப்பு அமிலத்தை விடுகிற மதகு மாதிரியான சிபிடி1 நொதியை அது தடுத்துவிடும். ஆனால் நடக்க ஆரம்பித்தால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி செலவாகும், அது செலவானதைக் காட்டுகிற ஏஎம்பி கூடும், உடனே ஏஎம்பிகே என்ற நொதி வேலையில் இறங்கி மலோனைல் கோஏ உண்டாவதையே மட்டுப்படுத்தும். அந்த மதகுச் சாவி இன்சுலினிடம் மட்டும் இல்லை, உழைக்கிற தசையிடமும் ஒன்று இருக்கிறது.

திருவையாறு நடையன்:
மேட்டூரை அடைத்து வைத்துவிட்டு வாய்க்கால் மதகைத் திறந்து என்னங்க பயன்? இன்சுலின் ஏறியிருக்கும்போது தொப்பையிலிருந்து கொழுப்பு அமிலம் ரத்தத்துக்கு வருவதே குறைந்துவிடுமே. மேட்டூரை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12க்கு முன்னால் கடைமடையில் நின்று ஷட்டரைத் திருகிப் பாருங்கள், தெரியும்.

வடவாறு:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேட்டூர் அடைத்திருந்தாலும் ஊர்க் குளத்தில் கொஞ்சம் கிடக்கும். தசை நாருக்குள்ளேயே சின்னச் சின்னக் கொழுப்புத் துளிகள் உண்டு.

நீடாமங்கலத்தாள்:
நடுவில் வருகிறேன். என் அத்தை பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் நடவுக்கு இறங்குவார், மதியம் வரை குனிந்த முதுகு நிமிராது, தொப்பையும் கிடையாது. வெறும் வயிற்றோடு வயலில் இறங்குங்கள் என்று அவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்களேன்.

வடவாறு:
மூச்சு வாங்காத, நீண்ட நேர வேலைக்குத் தசை கொழுப்பை நிறையவே எடுத்துக்கொள்ளும், தலைதெறிக்க ஓடினால்தான் சர்க்கரைக்கு மாறும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 20 இளம்பெண்களைப் பிரித்து, ஒரு பாதியை வெறும் வயிற்றிலும் மறுபாதியைச் சாப்பிட வைத்தும் நாலு வாரம் பயிற்சி செய்ய விட்டார்கள். உணவின் அளவையும் கட்டுப்படுத்தியிருந்தார்கள். கொழுப்புக் குறைந்ததில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை.

திருவையாறு நடையன்:
20 பேர், நாலு வாரம்! இதை வைத்து ஒரு முடிவா? அப்படியென்றால் நான் காலையில் கூடுதலாக எரித்த கொழுப்பு எங்கே போயிற்று?

வடவாறு:
அன்றைக்கு மிச்ச நேரத்தில் சர்க்கரையைக் கூடுதலாக எரித்து உடம்பு அந்தக் கணக்கை நேர் செய்துகொள்ளும். அதோடு, நடை முடிந்ததும் டிகிரி காபியும் ரெண்டு போண்டாவும் என்று போன வாரம் நீங்களே எழுதியிருந்தீர்கள்.

திருவையாறு நடையன்:
போண்டா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். நான் வெறும் வயிற்றில்தான் நடப்பேன்.