சிங்கப்பூரின் தங்ளின் வட்டாரத்துக் கறுப்பு வெள்ளை பங்களாக்களை வரைந்தவர்கள் யார்?

கேள்வி: காத்தோங் வாசகி

எங்கள் தாத்தா 1950களில் பூமலைக்கு (சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா) அருகிலிருந்த ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் தோட்டவேலை பார்த்தவர். அந்தக் காலத்திலிருந்து எங்களிடம் எஞ்சியிருப்பது ஒரே ஒரு புகைப்படம். அதில் அவர் பூவாளியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். பின்னால் செங்கல் தூண்கள்மேல் எழும்பிய வீடும், வெள்ளைச் சுவரில் ஓடும் கறுப்பு மரச்சட்டங்களும், பட்டைக்கோடு போட்ட மூங்கில் தட்டிகளும், ஓர் ஓரத்தில் குறுகலான படிக்கட்டும் தெரிகின்றன. சாலைப் பெயரோ எண்ணோ படத்தின் பின்பக்கத்தில் இல்லை. இத்தகைய வீடுகள் அனைத்தையும் பிட்வெல் என்ற ஒரே கட்டடக் கலைஞர்தான் வடிவமைத்தார் என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா? தாத்தா வேலை பார்த்த வீட்டை வரைந்தவர் யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில் 1: ஓய்வுபெற்ற வரைவாளர்

வணக்கம் அம்மா. உங்களுக்குச் சொல்லப்பட்டதில் பாதிதான் உண்மை. சுவான் அண்ட் மெக்லாரன் என்ற கட்டடக்கலை நிறுவனத்தில் பணியாற்றிய ரீஜென்ட் ஆல்ஃபிரட் ஜான் பிட்வெல், காலப் ரோட்டில் 1898இல் எழுந்த அட்பரா இல்லத்தையும், அதன் அருகே 1906இல் எழுந்த இன்வர்டரட் இல்லத்தையும் வடிவமைத்தவர். நம்மிடையே எஞ்சியிருக்கும் கறுப்பு வெள்ளை வீடுகளில் அட்பராவே மிகப் பழையவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ராஃபிள்ஸ் ஹோட்டலின் 1899ஆம் ஆண்டுப் பிரதான கட்டடமும், இன்று குட்வுட் பார்க் ஹோட்டலாக விளங்கும் பழைய ஜெர்மானியர் மன்றமும், நாசிம் ரோட்டில் உள்ள ஈடன் ஹாலும் அவர் கைவண்ணமே. சிங்கப்பூருக்கு வருமுன் கோலாலம்பூரில், இன்று சுல்தான் அப்துல் சமாத் கட்டடம் என்று வழங்கும் அரசு அலுவலகத்தின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு.

மரச்சட்டங்களின் கறுப்பைப் பார்த்து இவற்றை இங்கிலாந்துப் பாணி வீடுகள் என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கறுப்பு வெள்ளைத் தோற்றம் இங்கிலாந்தை டியூடர் மன்னர்கள் ஆண்ட காலத்து வீடுகளை நினைவூட்டுவது உண்மைதான். ஆனால் தரையிலிருந்து வீட்டைத் தூக்கி நிறுத்தியது மலாய் வீட்டின் அறிவு. சுற்றிலும் அகலமான தாழ்வாரமும், பங்களா என்ற பெயரும் வங்காளத்திலிருந்து வந்தவை. மழைச்சாரல் உள்ளே அடிக்காமல் நீண்டு இறங்கும் கூரையும், வெப்பம் மேலேறிப் போக உயர்ந்த உட்கூரையும், எதிரெதிரே திறக்கும் கதவுகளும் இந்த ஊர் வெயிலுக்காகவே அமைந்தவை.

ஆனால் பெரும்பான்மையான வீடுகளுக்குத் தனி ஒருவர் பெயரைச் சொல்ல இயலாது. அலெக்சாண்ட்ரா பார்க், மவுண்ட் பிளெசண்ட் போன்ற குடியிருப்புகளைத் தன் அதிகாரிகளுக்காக அன்றைய பிரிட்டிஷ் அரசே கட்டியது. பொதுப்பணித் துறையின் வரைவாளர்கள் சில மாதிரி வரைபடங்களை வைத்துக்கொண்டு, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்ப மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள்.

தனியார் வீடு என்றால் வழி உண்டு. நகராட்சியிடம் அனுமதிக்காக ஒப்படைக்கப்பட்ட கட்டட வரைபடங்கள் 1884ஆம் ஆண்டிலிருந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இன்றைய வீட்டு எண்ணை நம்பாமல், சாலைப் பெயரையும் அன்றைய உரிமையாளர் பெயரையும் கொண்டு தேடுங்கள்.

பதில் 2: கட்டடக்கலை மாணவன்

மேலே ஐயா விளக்கியதோடு இரண்டு பெயர்களைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் பிட்வெல்லோடு பேச்சு நின்றுவிடுவது நியாயமாகப் படவில்லை. ஃபிராங்க் புரூவர் 1930களில் வரைந்த வீடுகளில் சுவர்ப்பூச்சு சொரசொரப்பாக இருக்கும். வளைவுகளின் விளிம்பில் செங்கல் பூசப்படாமல் அப்படியே வெளியே தெரியும். கீம் ஹோக் ரோட்டில் 1938இல் கட்டப்பட்டு, 2009இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட கமாண்ட் ஹவுஸ் அவருடையது. மற்றவர் ஹோ குவோங் யூ. கிரேஞ்ச் ரோட்டில் 1938இல் சீ குவான் சியாங்குக்காக அவர் கட்டிய வீடு, வளைந்த சுவர்களோடு முற்றிலும் நவீனமாக நிற்கிறது. ஜப்பானியர் 1942இல் அவரைக் கொன்றுவிட்டனர். இன்னும் எத்தனை வீடுகளை வரைந்திருப்பாரோ என்று அந்த வளைவுகளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனத்துப்போகிறது.

பதில் 3: பின்கட்டில் வளர்ந்தவன்

அக்கா, என் தந்தை அப்படியொரு பங்களாவில் கார் ஓட்டுநராக இருந்தார். பத்து வயதுவரை நான் வளர்ந்தது அதன் பின்கட்டில்தான். நீங்கள் விவரித்த படத்தில் எனக்கு ஒன்று உறுத்துகிறது. இவ்வீடுகளின் முகப்பில் கார் வந்து நிற்பதற்கு அகலமான முகமண்டபம் இருக்கும். மேலே தாழ்வாரமோ அறையோ அதன்மீது அமர்ந்திருக்கும். உங்கள் படத்தில் அது இல்லை, குறுகலான படிக்கட்டு மட்டுமே இருக்கிறது. அப்படியென்றால் அது வேலைக்காரர்கள் ஏறி இறங்கிய பின்படிக்கட்டாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தப் படியிலிருந்து சமையற்கட்டுக்கு ஓடு வேய்ந்த நடைவழி ஒன்று போகும். தீயும் புகையும் பெரிய வீட்டை எட்டாதிருக்க அடுக்களையைத் தள்ளிக் கட்டியிருந்தார்கள். அதை ஒட்டி வரிசையாக அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம், சிமெண்டுத் தரை, உயரத்தில் ஒரு சிறிய சன்னல். அம்மா அம்மியை அறைக்குள் வைக்க இடமின்றி நடைவழியின் கடைசித் தூணோரம் போட்டிருந்தார். மழை நாளில் மசாலா அரைத்தால், அந்த மணம் பெரிய வீட்டுக்குப் போய்விடுமோ என்று தட்டிகள் இறங்கியிருக்கின்றனவா என முதலில் எட்டிப் பார்ப்பார்.

வரைபடம் கிடைத்தால் வீட்டின் முன்தோற்றத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தாளின் ஓரத்தில் சிறிய கட்டங்களாகப் பின்கட்டும் வரையப்பட்டிருக்கும். அறைகள் எத்தனை, நடைவழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் படத்தோடு ஒப்பிட்டால் வீட்டை அடையாளம் காண்பது எளிது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: காத்தோங் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. படத்தை உருப்பெருக்கியில் வைத்து மீண்டும் பார்த்தேன், தம்பி. தாத்தாவின் இடது தோளுக்குப் பின்னால், இத்தனை ஆண்டுகள் நான் வேலி என்று எண்ணியிருந்தது தாழ்வான ஓர் ஓட்டுக்கூரை. அது படிக்கட்டிலிருந்து தொடங்கி வலப்பக்கமாகத் திரும்புகிறது. தூண்கள் நான்கு தெரிகின்றன. அடுத்த வாரம் ஆவணக் காப்பகத்துக்குச் செல்கிறேன். காலப் ரோட்டிலிருந்து தேடத் தொடங்குவதாக இருக்கிறேன்.