புதுப்பிப்பு: மார்கழிக் காலையில் கிளம்பாத கார்

காரைக்குடியில் மார்கழி விடியலில் சாவியைத் திருப்பினால் என்ஜின் முனகிவிட்டு நின்றுவிடுகிறது, பகலில் ஒழுங்காகக் கிளம்புகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. பேட்டரிதான். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இரவு முழுவதும் நின்ற காரின் பேட்டரியில், மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் 12.4 வோல்ட் காட்டியது. முழு சார்ஜில் 12.6 இருக்க வேண்டும். ஆனால் இந்தக் குறைவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சார்ஜ் ஏற்றி, முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் படிவைத் துடைத்துவிட்டு, அண்ணன் சாவியைத் திருப்ப நான் மீட்டரைப் பார்த்தேன். என்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது, ஆனால் 8.5க்குச் சரிந்தது! என்ஜின் ஓடும்போது 14.2 வந்ததால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர்மீது பழியில்லை.

"செட்டிநாட்டில் என்ன பெரிய குளிர்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இங்கே பேட்டரியைக் கெடுப்பது சித்திரை, வைகாசி வெயில். சூட்டில் நீர் வற்றும், உள்ளிருக்கும் ஈயத் தகடுகள் அரிபடும். குளிர் அந்தச் சேதத்தை வெளிக்காட்டுகிறது: வேதிவினை மந்தமாகிறது, என்ஜின் ஆயிலும் கெட்டிப்படுகிறது. நலிந்த பேட்டரிக்கு 20 டிகிரிக் காலையே போதும்.

புதிய பேட்டரி போட்டாயிற்று. கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருக்கும் உறவுகளே, காரை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் மைனஸ் முனைக் கம்பியைக் கழற்றிவிட்டுப் போங்கள். சார்ஜ் இறங்கிக் கிடந்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் என்ற உப்பு படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலு திரும்பாது.