பெங்களூரில் இண்டி ராக்: புது ஆல்பமும் ஷோவும் கைநழுவாமல் இருக்க என்ன செய்யணும்?

கேள்வி: கே.ஆர்.புரம்_பாலம்

வணக்கம் மக்களே. பர்வாஸ், தெர்மல் அண்ட் எ குவார்ட்டர், டெல்லி பீட்டர் கேட் ரெக்கார்டிங் கோ, நம்ம சென்னை எஃப்16ஸ், இந்த இண்டி ராக் (பெரிய இசைக் கம்பெனி பின்னணி இல்லாத, சுயேச்சையான ராக்) பேண்டுகளைத்தான் அதிகம் கேக்கறேன். நாலு சந்தேகம் இருக்கு.

புது ஆல்பம் வந்த சேதியும் ஷோ நடக்குற சேதியும் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் கண்ல படுது. முன்னாடியே தெரிஞ்சுக்க வழி என்ன? டிக்கெட்ல இரவு 8 மணின்னு போட்டிருந்தா நிஜமா எத்தனை மணிக்குப் போகணும்? (மெட்ரோவை நம்பித்தான் வரணும், சொந்த வண்டி கிடையாது.) உள்ளே எங்க நின்னா பாட்டு தெளிவாக் கேக்கும், காதுக்கு என்ன பாதுகாப்பு? கடைசியா, காசு பேண்டோட கைக்குப் போய்ச் சேரணும்னு ஆசை. ஆனா பேண்டுகள் நேரடியாப் பாட்டு விக்கிற தளமான பேண்ட்கேம்ப்ல கார்டு போட்டா ஏத்துக்க மாட்டேங்குது. தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லுங்க.

பதில் 1: வெள்ளிக்கிழமை_பட்டியல்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன், மத்ததை மத்தவங்க பார்த்துக்கட்டும்.

ஸ்பாட்டிஃபைல பாட்டைச் சேமிச்சு வைக்கிறது வேற, பேண்டோட பக்கத்துக்குப் போய் ஃபாலோ கொடுக்கிறது வேற. பலரும் முதலாவதை மட்டும் செஞ்சுட்டு ஏன் தகவல் வரலைன்னு கேக்கறாங்க. ஃபாலோ கொடுத்தா வெள்ளிக்கிழமை தோறும் புதுப்பிக்கப்படுற ரிலீஸ் ரேடார்ங்கிற புதுப்பாட்டுப் பட்டியல்ல அந்தப் பேண்ட் வரும். 2015 ஜூலையில இருந்து உலகம் முழுக்க ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வெளியாகுது, அதனால வியாழன் நள்ளிரவு தாண்டினதும் நம்ம ஊர்ல திறந்துடும். ஆனா ரேடார்ல ஒரு பேண்டுக்கு ஒரு பாட்டுதான் தெரியும். முழு ஆல்பமே வந்திருந்தாலும் "ஏதோ ஒரு சிங்கிள்" (தனியா வெளியிடுற ஒத்தைப் பாட்டு)னு தாண்டிப் போயிடுவோம். பேரைத் தட்டி உள்ளே போய்ப் பார்க்கணும்.

சிங்கிள் வருதுன்னாலே ஆல்பம் பக்கத்துல இருக்குன்னு வெச்சுக்கலாம். ஆல்பத்துக்கு முன்னாடி ரெண்டு மூணு பாட்டை சில வார இடைவெளியில விடுறதுதான் இப்ப வழக்கம். ஆல்பம் வந்த பிறகு ஊர் ஊரா சுத்துவாங்க. நம்ம நாட்டுல இந்தச் சுற்று பெரும்பாலும் அக்டோபர்ல இருந்து மார்ச்சுக்குள்ள விழும்: மழை விட்டிருக்கும், திறந்தவெளி விழாக்களும் கல்லூரி விழாக்களும் அப்பத்தான் நடக்கும். மழைக்காலத்துல கிளப் ஷோ மட்டும்தான், அதையும் ஒதுக்கிடாதீங்க. சின்ன இடத்துல புதுப் பாட்டை முதல்முதலா வாசிச்சுப் பார்க்கிறது அப்பத்தான்.

ஷோ சேதிக்கு பேண்டை விட இடத்தைப் பின்தொடர்றதுதான் பலன் தரும். இந்திராநகர் ஹம்மிங் ட்ரீ 2019ல மூடின பிறகு ஒரே இடத்தைப் பார்த்தாப் போதும்ங்கிற நிலை போயிடுச்சு. இப்ப கோரமங்களா ஃபேண்டம் மாதிரி ராக் அதிகம் நடக்குற இடங்கள், வைட்ஃபீல்ட் விண்ட்மில்ஸ் மாதிரி ஜாஸ் பக்கம் சாயுற இடங்கள், எல்லாத்தையும் இன்ஸ்டாகிராம்ல ஃபாலோ பண்ணி பெல் அடையாளத்தையும் தட்டி வைங்க. பெல் இல்லாம ஃபாலோ மட்டும் பண்ணா, ஷோ முடிஞ்ச மறுநாள் போஸ்டர் முன்னால வந்து நிக்கும்.

போஸ்டரோட அடியில சின்ன எழுத்துல இருக்குற பேர்களைப் படிங்க. ஏற்பாடு பண்றவங்க பேர் அங்கதான் இருக்கும், அவங்கதான் அடுத்த ஷோவையும் கொண்டு வரப்போறவங்க. முதல்ல வாசிக்கிற துணைப் பேண்டையும் குறிச்சுக்கோங்க, கொஞ்ச நாள்ல முக்கியப் பேண்டா அவங்களே வரலாம்.

டிக்கெட்டுக்கு புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட், ஸ்கில்பாக்ஸ் மூணையும் பார்க்கணும். பேடிஎம் இன்சைடர்ல தேடிப் பழகினவங்க கவனிங்க: 2024ல அந்தத் தொழிலை சொமாட்டோ வாங்கிடுச்சு, இப்ப டிஸ்ட்ரிக்ட்லதான் தேடணும். ஷோ தகவல் சொல்ற பாண்ட்ஸின்டவுன், சாங்கிக் ஆப் ரெண்டும் வெளிநாட்டுப் பேண்டுக்கு உதவும். உள்ளூர் கிளப் ஷோவை யாராவது உக்காந்து பதிவு பண்ணாத்தான் அதுல வரும், பெரும்பாலும் யாரும் பண்றதில்ல.

பதில் 2: கதவடி_வரிசை

8 மணின்னு போட்டிருந்தா அது கதவு திறக்கிற நேரம். மூடிய கிளப்ல துணைப் பேண்ட் ஒன்பதை ஒட்டி ஏறும், முக்கியப் பேண்ட் பத்துக்கு முன்னப் பின்ன. இடத்தோட பக்கத்துல அன்னிக்குச் சாயங்காலம் மேடை நேரம் போடுவாங்க. போடலைன்னா ஃபோன் பண்ணிக் கேளுங்க, சொல்லிடுவாங்க.

திறந்தவெளின்னா கணக்கே தலைகீழ். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10ல இருந்து காலை 6 வரை வெளியில ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு வருஷத்துல சில நாளுக்கு மட்டும் நள்ளிரவு வரைக்கும் விலக்கு தரலாம். அதனால மைதானத்துல முக்கியப் பேண்ட் எட்டு, எட்டரைக்கெல்லாம் ஏறிடும். பத்தடிச்சா பாட்டு நடுவுல இருந்தாலும் சத்தத்தை நிறுத்த வேண்டிய கட்டாயம். "ஷோ எப்பவும் தாமதமாத்தான் தொடங்கும்"னு கிளப் பழக்கத்துல ஒன்பதுக்குப் போனா பாதி போயிருக்கும்.

டிக்கெட் எடுக்கும் முன்னாடி மூணு விஷயம் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். ஒண்ணு, நிக்கிற டிக்கெட்டா, மேசை டிக்கெட்டா. சில கிளப்ல மேடைக்கு நேர் முன்னால மேசை போட்டு குறைந்தபட்சச் செலவு வெச்சு வித்துடுவாங்க, நிக்கிறவங்க தூணுக்குப் பின்னாலதான். ரெண்டு, வயசு. மது பரிமாறுற இடத்துல 21ன்னு போட்டிருந்தா வாசல்ல கறாரா இருப்பாங்க, அரசு அடையாள அட்டை கையில இருக்கணும். மூணு, கட்டணம் கவர் சார்ஜா, நுழைவுக் கட்டணமா. கவர் சார்ஜ்னா அந்தத் தொகைக்கு உள்ளே சாப்பிட்டுக் கழிச்சுக்கலாம். நமக்கு லாபம் மாதிரித் தெரியும். ஆனா அந்தக் காசு பார் கணக்குக்குப் போகுது. தனி நுழைவு டிக்கெட்டுன்னா வசூல்ல பேண்டுக்கு இவ்வளவு, இடத்துக்கு இவ்வளவுன்னு பேசியிருக்க வாய்ப்பு அதிகம். உங்க நாலாவது கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

விலையைப் பொறுத்தவரை, 500 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஆப்போட சேவைக் கட்டணம் அதுக்கு மேல. முதல் கட்ட டிக்கெட்தான் மலிவு.

மெட்ரோ: இந்திராநகர் ஸ்டேஷன்ல இருந்து 12வது மெயின் ரோடு பக்கம் நடக்க இருபது நிமிஷம் ஆகும். உங்க கே.ஆர்.புரமும் அதே பர்ப்பிள் லைன்தான், வண்டி மாற வேண்டியதில்ல. கடைசி ரயில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறும், போகும்போதே அங்க ஒட்டியிருக்குற அட்டவணையைப் படம் எடுத்துக்கோங்க. திரும்புற டிக்கெட்டையும் ஃபோன்ல அப்பவே எடுத்துடுங்க. பத்தே கால் மணிக்கு ஏறுற பேண்டை முழுசாப் பார்த்துட்டு மெட்ரோ பிடிக்கிறது சிரமம். அந்த மாதிரி நாளுக்கு ஆட்டோ காசையும் டிக்கெட் விலையோட சேர்த்தே கணக்குப் போடுங்க. கோரமங்களாவுக்கு பர்ப்பிள் லைன் போகாது, அங்க ரெண்டு வழிக்கும் ஆட்டோதான்.

பதில் 3: மிக்சர்_பக்கம்

மூன்றாவது கேள்வி ஒலி சம்பந்தப்பட்டது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மேடையை ஒட்டி நின்றால் பாடகரின் குரல் கேட்காது. காரணம் எளிது. டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்பும் (கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டி) மேடையிலிருந்து நேராக உங்கள் முகத்தில் அடிக்கும். குரலோ இரண்டு ஓரங்களிலும் உயரத்தில் இருக்கும் பி.ஏ. ஸ்பீக்கர் (கூட்டத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) வழியாக மட்டுமே வரும். அவை நடுக்கூட்டத்தை நோக்கித் திருப்பப்பட்டிருப்பதால், முதல் வரிசையின் தலைக்கு மேலே போய்விடும். சுவரோரமும் மூலையும் வேறு தொல்லை: பேஸ் ஒலி அங்கே குவிந்து, கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் ஒரே முழக்கமாகக் கலந்துவிடும்.

ஒலிகளைக் கலந்து சமன் செய்யும் மிக்சர் மேசை நடுவில் இருந்தால் அதற்கு ஓரடி முன்னால் நில்லுங்கள். ஒலிப் பொறியாளர் எதைக் கேட்டுச் சமன் செய்கிறாரோ அதுவே உங்களுக்கும் கேட்கும். நம் கிளப்புகள் பலவற்றில் மேசையைப் பின்சுவரிலோ பக்கவாட்டிலோ ஒதுக்கியிருப்பார்கள். அங்கே இந்த விதி செல்லாது. இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்களும் மூன்று முனைகளாகச் சமபக்க முக்கோணம் அமையும் இடத்தைக் கண்ணளவில் தேடி, அதிலிருந்து ஓரிரு அடி பின்னால் நில்லுங்கள். துணைப் பேண்ட் வாசிக்கும்போதே இரண்டு மூன்று இடம் மாறிக் கேட்டு முடிவு செய்துவிடலாம். கூட்டம் நிறைந்ததும் உடல்கள் உயர் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். முதலில் காதைக் கீறிய சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) அப்போது தணியும், அதைப் பார்த்து அவசரமாக இடம் மாற வேண்டாம்.

இனி காது. அமெரிக்காவின் நையாஷ் (பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு) அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88ல் 4 மணி, 91ல் 2 மணி, 94ல் 1 மணி, 97ல் அரை மணி, 100ல் வெறும் 15 நிமிடம். மூடிய கிளப்பில் ராக் ஷோ 100 டெசிபலைச் சாதாரணமாகத் தொடும். ஒன்றரை மணி நேர ஷோவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காதுச் செருகி இல்லாமல் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மருந்துக்கடையில் கிடைக்கும் மஞ்சள் நுரைச் செருகி சத்தத்தை நன்றாகக் குறைக்கும், ஆனால் உயர் ஒலியை அதிகமாக வெட்டிவிடுவதால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கும். இசைக்கென்று வடிகட்டி வைத்துச் செய்யப்பட்டவை எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். எட்டிமோடிக், அல்பைன், லூப் போன்றவை அந்த வகை. 15 முதல் 20 டெசிபல் குறைப்பது போதும், 102 டெசிபல் 85 பக்கம் வந்துவிடும்.

நுரைச் செருகி பலருக்கு வேலை செய்யாததற்குக் காரணம் அதைக் காதின் வாசலிலேயே ஒட்டிவைப்பதுதான். விரலில் மெல்லியதாக உருட்டுங்கள். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, நுரை விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உங்கள் குரல் தலைக்குள்ளே கனமாகக் கேட்டால் சரியாகப் பொருந்திவிட்டது. ஷோ தொடங்கும் முன் போடுங்கள். காதில் ரீங்காரம் தொடங்கிய பிறகு போட்டால் அதுவரை பட்டது பட்டதுதான். மறுநாளும் ரீங்காரம் நிற்கவில்லை என்றாலோ, ஒரு காது திடீரென மந்தமானாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அன்றே போங்கள். திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு மருந்து முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

பதில் 4: ஃப்ளாக்_கோப்பு

பேண்ட்கேம்ப்ல கார்டு நிக்குறதுக்கு ரெண்டு தனித்தனிக் காரணம் இருக்கு, குழப்பிக்காதீங்க.

முதல் காரணம் வங்கி. 2020 அக்டோபர்ல இருந்து புதுசாக் கொடுக்கற கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும், ரிசர்வ் வங்கி விதி அது. வங்கி ஆப்ல கார்டு அமைப்புக்குப் போய் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையைத் திறந்து, வரம்பை 1,500 ரூபாய் மாதிரிக் குறைவா வெச்சு, வாங்கினதும் மறுபடி மூடிடுங்க. டாலர்ல கழியும்போது வங்கி தனி மாற்றுக் கட்டணமும் போடும்.

ரெண்டாவது காரணம் பேபால், இணையத்துல பணம் அனுப்புற சேவை. பேபால் 2021 ஏப்ரல் 1ல இருந்து இந்தியாவுக்குள்ளேயான பரிவர்த்தனையை நிறுத்திடுச்சு. பேண்ட்கேம்ப்ல விக்கிறவங்களுக்குப் பணம் போறது பேபால் வழியா. அதனால இந்தியாவுல இருக்குற நீங்க, இந்தியக் கணக்கு வெச்சிருக்குற பேண்டுகிட்ட வாங்கும்போது கட்டணம் தோத்துப் போக வாய்ப்பு அதிகம், கார்டு எவ்வளவு சரியா இருந்தாலும். அதே பேண்டோட ஆல்பம் வெளிநாட்டு லேபிள் (இசைக் கம்பெனி) பக்கத்துல இருந்தா போயிடும். சோதிக்க ஒரு வழி: வெளிநாட்டுப் பேண்டோட ஒரு டாலர் பாட்டை வாங்கிப் பாருங்க. அது போச்சுன்னா உங்க கார்டுல கோளாறு இல்ல.

பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில 15 சதவீதமும் டி-ஷர்ட், ரெக்கார்டு மாதிரிப் பொருள்ல 10 சதவீதமும் எடுத்துக்கும். பேண்ட்கேம்ப் வெள்ளின்னு அவங்க அறிவிக்கிற வெள்ளிக்கிழமை அன்னிக்கு மட்டும் அந்தப் பங்கை விட்டுக்கொடுத்துடும். 2020 மார்ச்ல தொடங்கினது, இப்ப எல்லா மாசமும் இல்ல, தேதியை அவங்க பக்கத்துல பார்த்துக்கணும். கணக்கு அமெரிக்க மேற்குக் கரை நேரம்: கோடையில நம்ம வெள்ளி மதியம் 12.30க்குத் தொடங்கி சனி 12.30 வரை, குளிர்காலத்துல 1.30. வெள்ளி காலையில எழுந்ததும் வாங்கினா அந்தச் சலுகை பேண்டுக்குப் போகாது.

வாங்கினதும் ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாத கோப்பு) வடிவத்துல இறக்கி வெளி டிஸ்க்ல வெச்சுடுங்க. ஸ்ட்ரீமிங்ல இருக்குறது எப்பவும் இருக்கும்னு நம்பாதீங்க. பேண்டோட பாட்டை ஸ்ட்ரீமிங் தளத்துக்குக் கொண்டுபோற விநியோக நிறுவனங்கள் சிலதுல வருஷச் சந்தா கட்டலைன்னா பாட்டை எடுத்துடுவாங்க. பேண்ட் கலைஞ்சுட்டா சந்தா கட்ட ஆள் இருக்காது, நல்ல ஆல்பமெல்லாம் இப்படித்தான் மறையுது. இன்னொண்ணு, 2024ல இருந்து ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 தடவை கேக்கப்படலைன்னா அதுக்குக் காசே கிடையாது. சின்னப் பேண்டோட ஆல்பத்துல நீங்க முதல் ரெண்டு பாட்டோட நிறுத்தினா கடைசிப் பாட்டு அந்தக் கோட்டைத் தாண்டாது. முழுசாக் கேளுங்க.

கே.ஆர்.புரம்_பாலம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரு டாலர் சோதனை போயிடுச்சு, அப்ப பேபால்தான் காரணம். இந்தியப் பேண்டுகிட்ட வேற எப்படிக் காசு சேர்க்கிறது?

ஃப்ளாக்_கோப்பு

ஷோ அன்னிக்கு விற்பனை மேசைதான். டி-ஷர்ட், சி.டி., டவுன்லோட் கார்டு (பாட்டை இறக்கிக்கிற கோடு அச்சிட்ட அட்டை) எது வாங்கினாலும் காசு நேராப் போகும். யு.பி.ஐ. வாங்குவாங்க, ஆனா அடித்தள கிளப்ல கூட்டம் சேர்ந்ததும் நெட்வொர்க் படுத்துடும், அதனால ரொக்கமாக் கொஞ்சம் வெச்சுக்கோங்க. கடைசிப் பாட்டு முடிஞ்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல மொய்ப்பாங்க, டி-ஷர்ட்ல எம் அளவும் எல் அளவும் முதல்ல தீரும். துணைப் பேண்ட் இறங்கி, முக்கியப் பேண்டுக்கு மேடை மாத்துற அந்த இருபது நிமிஷத்துல போய் வாங்கிடுங்க. மேசையில ஆல்பம் இல்லைன்னா அங்க நிக்கிறவங்ககிட்டயே கேளுங்க, பேண்டோட யு.பி.ஐ.க்கு அனுப்பினா கோப்போட இணைப்பை மின்னஞ்சல்ல அனுப்புற பேண்டுகள் உண்டு.