ஜீவனாம்ச ஆர்டர் இருந்தும் பணம் வரல, ஒரு வருஷம் தாண்டினா கேக்கவே முடியாதா?

கேள்வி:
எங்க அக்காவுக்கும் ரெண்டு பசங்களுக்கும் மாசாமாசம் ஜீவனாம்சம் குடுக்கணும்னு குடும்ப நல கோர்ட்ல குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ல ஆர்டர் ஆயிருக்கு. கொஞ்ச நாள் அக்கா வீட்டுக்காரர் பேங்க்ல போட்டாரு, அப்புறம் நிறுத்திட்டாரு, இப்போ ஒன்றரை வருஷ பாக்கி. கேட்டா வேலை போயிடுச்சு, அடுத்த மாசம் மொத்தமா போடறேன்னு வாட்ஸப்ல சொல்லிச் சொல்லியே இழுத்துட்டாரு, அக்காவும் திரும்ப கோர்ட்டுக்கு அலையணுமேன்னு நம்பி உக்காந்துட்டா, ஆனா அவர் பெங்களூர்ல வேற கம்பெனில சேர்ந்தாச்சுன்னு இப்பதான் தெரியுது. ஒரு வருஷம் தாண்டின பாக்கி போச்சுங்கறாங்க, ஜெயிலுக்குப் போயிட்டா பணமே கட்ட வேண்டாம்ங்கறாங்க. எதுங்க உண்மை?

பதில் 1:
மனுவ இந்த வாரமே போடச் சொல்லுங்க சகோ. 125(3)ல, இப்ப அந்தச் சட்டத்துக்குப் பதிலா வந்திருக்கற பிஎன்எஸ்எஸ்ல 144(3)ல, ஒவ்வொரு மாசப் பணமும் சேர வேண்டிய தேதிலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டாதான் அந்தப் பணத்துக்கு வாரண்ட் கிடைக்கும். நீங்க ஒரு மாசம் தள்ளிப் போட்டா பழைய பாக்கில ஒரு மாசம் கழண்டுக்கும், அவர் அடுத்த மாசம் அடுத்த மாசம்னு இழுக்கறது அதுக்குத்தான் உதவுது.

அதுக்காக பழைய பாக்கி போச்சுன்னு அர்த்தமில்ல. பூங்கொடி எதிர் தங்கவேல் கேஸ்ல 2013ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, ஒரு வருஷக் கணக்கு வாரண்ட் வழிக்கு மட்டும்தான், உரிமை அப்படியே இருக்கு, அத சிவில் வழில வசூல் பண்ணலாம்.

ஜெயில் கதைய நம்பாதீங்க. உள்ள போடறது பணத்த கட்ட வைக்கத்தான், அதனால பாக்கி தீராது, 1988லயே குல்தீப் கவுர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தாச்சு.

பதில் 2:
நானும் இதே அவஸ்தைய பட்டவதாங்க. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் கொஞ்சமா போடுவாரு, கோர்ட்ல வந்து "கட்டிட்டுத்தான் இருக்கேன் ஐயா"ம்பாரு, டைம் வாங்கிட்டுப் போயிடுவாரு. அதனால பாஸ்புக்க பார்த்து எந்த மாசம் எவ்வளவு வரணும், எவ்வளவு வந்துச்சு, மிச்சம் என்னன்னு ஒரே தாள்ல எழுதி மனுவோட வைங்க. எங்க ஜட்ஜ் அந்தத் தாள பார்த்துட்டுதான் மிச்சம் எங்கன்னு அவர கேக்கவே ஆரம்பிச்சாரு. அந்த வாட்ஸப் மெசேஜையும் அழிச்சிடாதீங்க, பாக்கி இருக்குன்னு அவரே ஒத்துக்கிட்டதுக்கு அதுதான் சாட்சி.

கேட்டவர்:
ரொம்ப நன்றிக்கா. இதுக்கு பெங்களூர் போய்தான் கேஸ் போடணுமா?

பதில் 1:
வேண்டாம், ஆர்டர் போட்ட கோர்ட்லயே போடலாம். அவர் இருக்கற ஊர்லயும் அமல்படுத்த வழி இருக்கு, பழைய 128, இப்ப 147. கம்பெனி பேரும் விலாசமும் கண்டுபிடிச்சு வக்கீல்கிட்ட குடுங்க, 2020 ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புப்படி ஜீவனாம்ச ஆர்டர சிவில் கோர்ட்டோட பண டிக்ரி (பணம் கட்டச் சொல்ற தீர்ப்பு) மாதிரியும் நிறைவேத்தலாம், சம்பளத்த ஜப்தி பண்ணக் கேக்கலாம். வக்கீல் ஃபீஸ் கட்ட முடியலன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லுங்க, பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமா வக்கீல் வெச்சுத் தருவாங்க. போகும்போது ஆர்டரோட சர்டிஃபைட் காப்பிய எடுத்துட்டுப் போகட்டும்.