எல்.ஓ.ஆர். (சிபாரிசுக் கடிதம்) வெறும் சடங்கா?

திண்ணைத்_தூண்: நேத்து இங்க ஒருத்தர், "அமெரிக்க எம்.எஸ்.க்கு மூணு எல்.ஓ.ஆரையும் நானே எழுதினேன், சார் கையெழுத்துதான் போட்டார், எல்லாம் சடங்கு"ன்னு எழுதியிருக்கார். படிச்சதும் வயிறு எரிஞ்சது. பதினாறு வருஷமா மெக்கானிக்கல்ல பாடம் எடுக்கிறேன். ஒரு பையனுக்குக் கடிதம் எழுத ஒரு ஞாயித்துக்கிழமை போயிடும். லேத்ல கடையுற ஜாபை மூணு தடவை கெடுத்தவன், நாலாவது தடவை தானே டூலைத் தீட்டி வந்து நின்னான். பக்கத்துல நின்னு பாத்தவன்தான் அதை எழுத முடியும்.

கரிசல்காட்டான்: அந்த ஒருத்தர் நான்தான் சார். "நீயே டிராஃப்ட் அடிச்சுட்டு வா"ன்னு சொன்னது உங்களை மாதிரி ஒரு வாத்தியார்தான். எனக்கென்ன ஆசையா?

திண்ணைத்_தூண்: அது இருக்கட்டும். அப்ளிகேஷன்ல "கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்"னு ஒரு கட்டம் வருமே. டிக் அடிச்சீங்களா?

கரிசல்காட்டான்: எல்லாரும்தான் அடிக்கிறாங்க.

திண்ணைத்_தூண்: நீங்களே எழுதின கடிதத்தைப் பார்க்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க! அது பொய் இல்லையா?

மாம்பலம்_வாசி: அந்த டிக் கட்டாயமே இல்லைங்க. 1974ல வந்த ஃபெர்பாங்கிற அமெரிக்க மாணவர் ஆவணச் சட்டப்படி, அதை அட்மிஷனுக்கு நிபந்தனையா வைக்கக் கூடாது. பார்க்கிற உரிமையும் அங்க போய்ச் சேர்ந்தவங்களுக்குத்தான். சீட் கிடைக்காதவனுக்குக் கிடையாது.

திண்ணைத்_தூண்: சட்டம் யார் கேட்டா? டிக் அடிச்சது பொய்யா இல்லையா?

பனங்காடை: இதுக்குத்தான் நான் ஜெர்மனி வந்தேன். நான் போட்ட ரெண்டு அரசு யுனிவர்சிட்டியிலயும் எல்.ஓ.ஆர். கேக்கவே இல்லை.

கரிசல்காட்டான்: 2022 நவம்பர்லேர்ந்து ஏ.பி.எஸ். சர்டிபிகேட்டுக்கு, அதான் நம்ம படிப்பு சான்றெல்லாம் அசல்தான்னு ஜெர்மனிக்குக் காட்டுற அந்தச் சான்றிதழுக்கு, நம்ம பசங்க காத்துக் கிடக்கிறதை மட்டும் சொல்லாதீங்க.

பனங்காடை: காத்துக் கிடந்தாலும் எவன் ரூம் வாசல்லயும் கைகட்டி நிக்க வேண்டாம். ஒரு கையெழுத்துக்குப் பதினோரு நாள் நின்னவன் நான். இன்டர்னல்ல கை வெச்ச அதே ஆள்கிட்ட.

திண்ணைத்_தூண்: இன்டர்னல் மார்க் கதையை வேற இடத்துல வெச்சுக்கங்க. படிக்காதவன் எப்பவும் வாத்தியாரைத்தான் சொல்லுவான்.

பனங்காடை: யாரு படிக்காதவன்? வார்த்தையை அளந்து பேசுங்க.

கரிசல்காட்டான்: சார், முழுசாக் கேளுங்க. கடிதத்தை ஏத்துற போர்ட்டல் லிங்க் அந்த வாத்தியாரோட காலேஜ் மெயிலுக்குத்தான் போச்சு. அவர் அதைத் திறந்ததே இல்லை. பாஸ்வேர்டை ஒரு சீட்டுல எழுதிக் குடுத்து, "நீயே ஏத்திடுப்பா"ன்னார். "இந்த மாணவரை எத்தனை ஆண்டுகளாகத் தெரியும்?"னு ஒரு கேள்வி. "மூன்று"ன்னு நானே போட்டேன். என் பேர்கூட அவருக்குத் தெரியாது, ரோல் நம்பரைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். வேற யார்கிட்டப் போவேன்?

மாம்பலம்_வாசி: இது நடக்கிறதுதான். நல்லா எழுதிக் குடுக்கிறவரும் இருக்காங்க, ஒரு டிபார்ட்மென்ட்டுக்கு ஒருத்தர். அறுபது பேரும் அவர்கிட்டயே போய் நின்னா அவரும் என்ன பண்ணுவார்?

திண்ணைத்_தூண்: அந்த ஒருத்தர் எழுதுற கடிதத்தையும் நாளைக்கு எவனும் நம்ப மாட்டான், இவர் மாதிரி ஆளுங்களால. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை. டிக் அடிச்சது சரியா, தப்பா?

கரிசல்காட்டான்: அடிச்சேன் சார். டிசம்பர் 15 கடைசித் தேதின்னா திரும்பவும் அடிப்பேன்.

திண்ணைத்_தூண்: அப்போ பொய்தான்.