மறுமொழி: ரோமானியச் சாலையின் 'அக்கெர்' – 'சாலைக்கரை'யா, 'வழிமேடு'வா?

அன்புள்ள குழுவினர்க்கு,

வணக்கம். ரோமானியச் சாலைகள் குறித்த நம் கலைச்சொல் பட்டியலுக்காக, 'அக்கெர்' (agger) என்ற இலத்தீன் சொல்லுக்குத் தமிழில் 'சாலைக்கரை' என்று இங்கே முன்மொழியப்பட்டது. இருபுறமும் வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணையும் கல்லையும் நடுவே குவித்து உயர்த்தி, அதன்மேல் சரளை பரப்பிய மேட்டைத்தான் அப்பெயரால் குறிக்கிறார்கள். 'கரை' என்றதும் படிப்பவர் ஆற்றங்கரையைப் போல ஓரத்தையே நினைப்பார். இங்கோ சாலையே அந்த மேட்டின் முதுகில்தான் ஓடுகிறது. ஆகவே 'வழிமேடு' பொருந்தும் என்பது என் கருத்து. 'வழி' என்பது ஒற்றையடிப் பாதையை நினைவூட்டுமே என்ற ஐயத்துக்கு, பெருஞ்சாலையையே 'பெருவழி' என்று குறிக்கும், கோவைக்கு அருகிலுள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டே விடை.

ஆனால் மலைநாட்டில் இந்த ஒரு சொல் போதாது. இங்கிலாந்தின் யார்க்கிலிருந்து வடக்கே செல்லும் டீர் ஸ்ட்ரீட் என்ற ரோமானியச் சாலையை எடுத்துக்கொள்வோம். கார்பிரிட்ஜ் ஊரைக் கடந்து, செவியட் மலைகளில் ஏறி, சியூ கிரீன் என்னுமிடத்து ரோமானியப் படைமுகாம்களையும் வோடன் லா குன்றையும் ஒட்டி அது ஸ்காட்லாந்துக்குள் இறங்குகிறது. ரோமானிய அளவையர் ஓர் உயரத்திலிருந்து அடுத்த உயரத்தைக் குறிவைத்து நேர்கோடு பிடித்தவர்கள்தாம். எனினும் சரிவு செங்குத்தாகும் இடங்களில் கோட்டைக் கைவிட்டு, மலைப்பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளப்பக்கம் நிரப்பித் தட்டு அமைத்தார்கள். அங்கே மேடே இராது. லைடார் படத்தில் (வானிலிருந்து லேசர் ஒளி பாய்ச்சி நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து வரைவது) மேட்டை மட்டும் தேடுபவர் தடம் அறுந்துவிட்டதென்று முடிவுகட்டிவிடுவார். இதற்குத் 'தட்டுவழி' என்ற தனிச்சொல் வேண்டும்.

குழப்பம் மிகுவது மூன்றாவது வகையில். பிற்காலத்தில் இதே தடத்தில் மந்தைகளை ஓட்டிச் சென்றவர்களின் கால்நடைகள் மிதித்தும், மழைநீர் அரித்தும், அருகருகே பல பள்ளத் தடங்கள் உண்டாயின. சாய்வெயிலில் எடுத்த வான்படத்தில் முதலில் கண்ணில் படுவது இந்தப் பள்ளங்களின் கருநிழல்தான். உண்மையான சாலையோ பக்கத்தில் புல் மூடிய தாழ்ந்த திட்டாகக் கிடக்கும். 'குழிவழி' என்றால் நம்மூர்த் தெருக்கள் நினைவுக்கு வந்து தொலைக்கின்றன. கொங்கு வழக்கின் 'இட்டேறி' அழகான சொல்லே. ஆயினும் இருபுறமும் வேலி நிற்கும் தோட்டத்து வழிக்குரிய அதனை, திறந்த மலைப்புல்வெளிக்குப் பொருத்த முடியாது. நடந்து தேய்ந்ததால் 'தேய்வழி' என்கிறேன்.

ஸ்காட்லாந்தின் சூட்ரா குன்றில் டீர் ஸ்ட்ரீட்டை ஒட்டி, கட்டுமானத்துக்குக் கல் எடுத்த குழிகள் இன்றும் வரிசையாகத் தெரிகின்றன. மேடு மழுங்கிய இடத்தில் தடத்தை உறுதிசெய்ய இவை நல்ல சான்று என்பதால், 'கல்லெடு குழி' என்பதையும் பட்டியலில் சேர்க்கலாம்.

'வழிமேடு' என்பதை 'மேட்டுவழி' என்று மாற்றிப்போட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அப்படி எழுதினால் மேட்டுநிலத்தில் செல்லும் எந்தப் பாதையையும் அது குறித்துவிடும்.