பஸ் லேட்டானால் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டிலிருந்து 5ஆம் வகுப்புக்குப் போகும் பையன். மழையில் பஸ் தாமதமானால் முதல் பீரியட் முழுக்க வராண்டாவில் நிற்க வேண்டும். காரில் வரும் பிள்ளைகள் லேட்டானால் உள்ளே விடுகிறார் டீச்சர். நேராகத் தலைமையாசிரியரிடம் போகலாமா?

பதில் 1: முதலில் ஒரு நோட்டில் தேதி, பஸ் வந்த நேரம், டீச்சர் சொன்ன வார்த்தை எல்லாம் எழுதி வையுங்க. “டீச்சர் திட்டினாங்களா?” என்று கேட்டால் பையன் ஆமாம் என்றுதான் சொல்வான், “அப்புறம் என்ன நடந்துச்சு?” என்று கேளுங்க. வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்க, கேட்டில் நின்று பேச வேண்டாம். பஸ் டிக்கெட்டில் நேரம் அச்சாகியிருந்தால் கையில் கொண்டுபோங்க.

பதில் 2: மாறவில்லையென்றால் தலைமையாசிரியருக்கு மனு, இரண்டு பிரதி. ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்குங்க. வாய்ப்பேச்சு மறுநாளே காற்றில் போய்விடும். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட். 2009 கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17 உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அதைக் குறிப்பிடுங்க. “டீச்சரை மாற்றுங்க” என்று எழுதாதீங்க, “தாமதமானாலும் உள்ளே அனுமதிக்கவும்” போதும். கேட்பது சின்னதாக இருந்தால்தான் உடனே நடக்கும்.

பதில் 3: பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டுடாதீங்க. ஸ்கிரீன்ஷாட் டீச்சர் கைக்குப் போனால் பேச்சு உங்க மேல் திரும்பிடும். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம், அங்கேயும் வையுங்க. அதற்கு மேல் ஊட்டியில் முதன்மைக் கல்வி அலுவலர், கல்வி உதவி எண் 14417. அடி, சாதிப் பேச்சு என்றால் இந்தப் படியெல்லாம் பார்க்காமல் உடனே குழந்தைகள் உதவி எண் 1098.